படத்தைப் பார்த்தே பவர் சப்ளைக்குச் சர்க்யூட் வரைந்து தருவோம் என்பவர்களிடம் ஏமாறாதீர்கள்

பணம் போய் இன்று ஐந்தாம் நாள். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால், போனது போகட்டும் என்று நானே விட்டுவிடுவேன், அவர்களும் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். போனது என் அரை மாதச் சம்பளம்.

12 வோல்ட் தரவேண்டிய ஒரு பவர் சப்ளை போர்டு, மின்சாரம் கொடுத்தால் டிக் டிக் என்று விட்டுவிட்டுத் துடித்தது. ஃபியூஸ், பிரிட்ஜ் ரெக்டிஃபையர், பெரிய கெப்பாசிட்டர் வரை எனக்குப் பிடிபட்டது. டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்பால், ஆப்டோகப்ளரை (வெளியீட்டின் நிலையை ஒளி வழியாக முதன்மைப் பக்கத்துக்குச் சொல்லும் பாகம்) ஒட்டி, அரிசியளவில் மூன்று கால்களுடன் ஒரு பாகம் மேலெழுத்து அழியுமளவுக்குக் கருகிக் கிடந்தது. அது என்னவென்று தேடியபோதுதான் இணையவழிப் பழுதுபார்ப்புச் சேவை ஒன்று கண்ணில் பட்டது. போர்டின் இருபுறத்தையும் படமெடுத்து அனுப்பினால், பாகங்களை அடையாளம் கண்டு, போர்டில் அவற்றை இணைக்கும் செப்புத் தடங்களைப் பின்தொடர்ந்து முழுச் சர்க்யூட்டையும் வரைந்து, மாற்றவேண்டிய பாகங்களையும் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. சோதித்துப் பார்ப்பதற்காக, ஃபியூஸுக்குப் பக்கத்தில் இருந்த கரும்பச்சை வட்டைக் காட்டி, இது எந்தக் கெப்பாசிட்டர் என்று கேட்டேன். அது கெப்பாசிட்டரே அல்ல, என்.டி.சி. தெர்மிஸ்டர் என்றும், மின்சாரம் கொடுத்த கணத்தில் பெரிய கெப்பாசிட்டர் இழுக்கும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்த அதைத் தொடராக வைப்பார்கள் என்றும், பக்கத்திலுள்ள நீல வட்டு, மின்னழுத்தம் திடீரென எகிறினால் அதைத் தடுக்க இரு மின்கம்பிகளுக்குக் குறுக்கே நிற்கும் வேரிஸ்டர் என்றும் இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. அந்த ஒரு பதிலில்தான் நான் விழுந்தேன். இப்போது யோசித்தால், என் படத்தைத் திறக்காமலேயே யாரும் சொல்லக்கூடிய பதில் அது; இந்த வகைப் போர்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படியே பொருந்தும்.

மூன்றாம் நாள் அழகான வரைபடம் வந்தது. கருகிய பாகம், வெளியீட்டு மின்னழுத்தத்தின் ஒரு பங்கை 2.5 வோல்ட்டோடு ஒப்பிட்டு அதைச் சீராக வைக்கும் டி.எல். 431 என்று அதில் இருந்தது. பாகமும் தபாலில் வந்து சேர்ந்தது. பொருத்தி மின்சாரம் கொடுத்ததும் துடிப்பு நின்றது. மகிழ்ந்து முடிப்பதற்குள் மீட்டர் 12 வோல்ட்டைத் தாண்டி 20-ஐயும் கடந்தது. 16 வோல்ட் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியது. அவசரப்பட்டு நான் இணைத்துவைத்திருந்த கருவியும் கருகியது. சேவைக் கட்டணம், பாகங்கள், கருவி என்று கூட்டினால் வருவதுதான் அந்த அரை மாதச் சம்பளம்.

அன்றிரவு மீட்டரைக் கன்டின்யூட்டியில் (இரு புள்ளிகள் இணைந்திருக்கின்றனவா என்று காட்டும் நிலை) வைத்துத் தடத்தை நானே தொடர்ந்தேன். வெளியீட்டு மின்னழுத்தத்தைப் பங்கிடும் இரண்டு ரெசிஸ்டர்கள், 38.3 கிலோ ஓம் ஒன்று, 10 கிலோ ஓம் ஒன்று; 12 வோல்ட் இருக்கும்போது அவற்றின் நடுப்புள்ளியில் 2.5 வோல்ட் நிற்கும். அந்த நடுப்புள்ளி முதல் காலுக்குச் சென்றது. இந்தச் சிறு வடிவத்தில் வரும் டி.எல். 431-க்கு வழக்கமாக முதல் கால் கேதோடு (ஆப்டோகப்ளர் வழியாக வரும் மின்னோட்டத்தை வாங்குவது), இரண்டாவது ரெஃபரன்ஸ் (நடுப்புள்ளியின் மின்னழுத்தத்தைப் பார்ப்பது), டி.எல். 432-க்கு அப்படியே தலைகீழ். என் போர்டுக்கு வேண்டியது 432. அவர்கள் அனுப்பியதைப் பொருத்தியதால் ஆப்டோகப்ளருக்குப் போகவேண்டிய மின்னோட்டம் போகவில்லை. மின்னழுத்தம் ஏறுவது, மின்சாரம் நுழையும் முதன்மைப் பக்கத்துக்குத் தெரியாமலேயே ஏறிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தடத்தைத் தொடர்ந்திருந்தால் போதும். அவர்கள் ஒன்றையுமே தொடரவில்லை: வரைபடத்தில் வெளியீட்டுக் கெப்பாசிட்டர் மூன்று, என் போர்டில் இரண்டு; டிரான்ஸ்ஃபார்மருக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள பக்கங்களை இணைக்கும் நீல நிற ஒய் கெப்பாசிட்டர் என் படத்தில் பளிச்சென்று தெரிந்தும் வரைபடத்தில் இல்லை. போர்டை இயக்கும் கன்ட்ரோலர் ஐசியின் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில்) இருக்கும் மாதிரிச் சர்க்யூட்டை அப்படியே மறுவரைவு செய்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

கேட்டதற்கு முதலில், சாலிடர் சூட்டில் பாகத்தை நான்தான் கெடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். வெப்பத்தில் கெட்ட பாகம் கால் வரிசையையுமா மாற்றிக்கொள்ளும் என்று கேட்டதும், படம் தெளிவாக இல்லை என்றார்கள். பணம் வாங்கும்போது தெளிவாக இருந்த அதே படம். அடுத்து வேறொருவர் வந்து, வரைபடம் கற்றலுக்கு மட்டுமே என்று நிபந்தனையில் இருப்பதாக எழுதினார். நடுப்புள்ளி எந்தக் காலுக்குப் போகிறது என்ற ஒரே கேள்வியை நான்கு முறை அனுப்பினேன். நான்காவது முறை, புகார் முடித்துவைக்கப்பட்டது என்று வந்தது. அரை மாதச் சம்பளத்தையும் சேர்த்துத்தான் முடித்துவைத்தார்கள்.

ஏமாறாமல் தப்பிக்கும் வழிகளை விரிவாக எழுத நினைத்திருந்தேன், இப்போது பொறுமை இல்லை. பணம் கட்டுமுன், உங்கள் போர்டின் தடத்தைத் தொடர்ந்தால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்றைக் கேளுங்கள். வரைபடம் வந்ததும் பாகங்களை எண்ணுங்கள். போர்டில் அச்சிட்டிருக்கும் எண்கள் அதில் இல்லையென்றால் அது உங்கள் போர்டு அல்ல. மூன்று கால் பாகம் எதையும் பெயரை மட்டும் நம்பிப் பொருத்தாதீர்கள். பெயரின் கடைசி எழுத்து ஒன்று மாறினாலே கால் வரிசை மாறிவிடும் வகைகளும் உண்டு. முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது வெளியீட்டில் கருவி எதையும் இணைக்காதீர்கள். தடம் தொடருமுன் பெரிய கெப்பாசிட்டரில் மின்னழுத்தம் மிச்சம் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். 230 வோல்ட் மின்சாரத்தில் அதில் ஏறக்குறைய 325 வோல்ட் ஏறியிருக்கும், இணைப்பைப் பிடுங்கிய பிறகும் சில போர்டுகளில் அது உடனே இறங்காது.