எண்ணெயா, சோறா, மாத்திரையா?

மன்னார்குடியில் இருக்கும் பெரியப்பாவின் இரத்தக் கொழுப்புப் பரிசோதனைச் சீட்டு சென்ற தையில் என் கைக்கு வந்தபோது, வீட்டில் மூன்று கட்சிகள் உருவாகியிருந்தன. பெரியம்மா கடலை எண்ணெயை நிறுத்திவிட்டுச் செக்கு நல்லெண்ணெய்க்கு மாறிவிட்டார். அண்ணன் சோற்றைக் குறைக்கச் சொன்னார். மருத்துவர் மாத்திரையைப் பற்றிப் பேசியிருந்தார். பெரியப்பாவோ, மொத்தக் கொலஸ்ட்ரால் 232 என்ற ஒற்றை எண்ணைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருந்தார்.

அந்த எண்ணை வைத்து எந்தக் கட்சிக்கும் தீர்ப்பு வழங்க முடியாது. அதற்குக் கீழே இருந்தவைதான் விஷயம்: நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 34, இரத்தத்தில் சுற்றும் இன்னொரு கொழுப்பு வகையான டிரைகிளிசரைடு 310, கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 136. ஆண்களுக்கு எச்.டி.எல். 40க்குக் குறையக் கூடாது. டிரைகிளிசரைடு 150க்குள் இருக்க வேண்டும். எல்.டி.எல். அளவுக்கோ எல்லோருக்கும் பொதுவான ஒரே எல்லை கிடையாது. இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இதயநோய் ஆபத்து குறைந்தவர்களுக்கும் நடுத்தரமானவர்களுக்கும் அது 100க்குக் கீழும், ஆபத்து கூடியவர்களுக்கு 70க்குக் கீழும், மாரடைப்பு வந்தவர்களைப் போன்று மிக அதிக ஆபத்துள்ளவர்களுக்கு 55க்குக் கீழும் இருக்க வேண்டும்.

முதலில் எண்ணெய்க் கட்சி. எல்.டி.எல்.லை உயர்த்துகிற நிறைவுற்ற கொழுப்பு கடலை எண்ணெயில் நூற்றுக்கு 17 முதல் 20 வரை. நல்லெண்ணெயில் 14, 15. நாளொன்றுக்கு ஒருவர் 30 கிராம் எண்ணெய் உண்பதாக வைத்துக்கொண்டால், பெரியம்மாவின் மாற்றத்தால் மிச்சமாவது ஏறத்தாழ ஒரு கிராம். செக்கில் ஆட்டியதா, ஆலையில் பிழிந்ததா என்பதும் இந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றாது. ஆனால் ரேஷன் கடையில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலை மட்டுமே நம்பியிருக்கும் வீடு நல்லெண்ணெய்க்கு மாறினால் நாளுக்கு 8 கிராம் அளவுக்கு நிறைவுற்ற கொழுப்பு குறையும், அது எல்.டி.எல். அளவில் தெரியக்கூடிய மாற்றம். விலை வித்தியாசத்தை மறந்துவிட்டு அந்த அறிவுரையை வழங்குவது எளிது என்பதையும் சொல்லியாக வேண்டும். பாட்டிலின் மேல் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று அச்சிடுவதோ வெறும் அலங்காரம். தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் பேசும்படியான அளவில் இருப்பதில்லை.

சோற்றுக் கட்சி டெல்டாவில் பேசத் தயங்கும் கட்சி. குறுவையும் சம்பாவும் விளைகிற ஊரில் இலையில் சோற்றைக் குறைப்பது மரியாதைக் குறைவு. ஒரு மதியம் பெரியப்பாவின் இலைக்குப் போகும் முன் சோற்றைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன்: சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என மூன்று சுற்றிலும் சேர்த்து 520 கிராம். நூறு கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து என்றால், அந்த ஒரு வேளையிலேயே 145 கிராம். உடல் உழைப்பு குறைந்தவருக்குச் செலவாகாத மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி இரத்தத்தில் அனுப்புகிறது. அதுவே டிரைகிளிசரைடாக உயர்ந்து, கூடவே எச்.டி.எல்.லையும் இறக்குகிறது. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் நடத்தி 2014இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்விலும் இதே சாயல்தான்: எச்.டி.எல். குறைந்தவர்கள் 72.3 விழுக்காடு, டிரைகிளிசரைடு கூடியவர்கள் 29.5, எல்.டி.எல். கூடியவர்கள் 11.8. மாப்பிள்ளைச் சம்பாவுக்கு மாறிவிட்டால் போதும் என்பவர்கள், தவிடு நீங்காமல் இருந்தால் நார்ச்சத்து கூடும் என்ற அளவில் சரி. மூன்று சுற்றும் அப்படியே தொடர்ந்தால் மாவுச்சத்து எங்கும் போய்விடாது. மதுவும், திருவையாற்று அசோகா போன்ற இனிப்புகளும் இதே கணக்கில் சேர்பவை.

மாத்திரைக் கட்சியை ஊரில் அச்சத்தோடு பார்க்கிறார்கள். ஸ்டேட்டின் வகை மருந்து கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியாகும் பாதையின் முக்கியமான நொதியைத் தடுக்கிறது. அந்தக் குறையை ஈடுகட்டக் கல்லீரல் இரத்தத்திலிருக்கும் எல்.டி.எல்.லைக் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. இவ்வகையைச் சேர்ந்த அடோர்வாஸ்டேட்டின் 10 மில்லிகிராம் எல்.டி.எல்.லை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கவல்லது. எந்த எண்ணெய் மாற்றமும் இதை எட்டாது. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1973இல் கண்டறிந்த முதல் ஸ்டேட்டின், கியோட்டோ தானியக் கடை ஒன்றின் அரிசியில் படிந்திருந்த பூஞ்சணத்திலிருந்து வந்தது என்பதை நெல் விளையும் ஊர்க்காரர்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிலருக்குத் தசைவலி வருவதுண்டு. அப்போது தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். கர்ப்பிணிகளுக்கு இது பொதுவாகத் தரப்படுவதில்லை. எல்.டி.எல். 190ஐத் தாண்டியவர்கள் உணவை மட்டும் நம்பிக் காலம் தள்ளக் கூடாது. டிரைகிளிசரைடு 500ஐத் தாண்டினால் கணைய அழற்சி வரும் ஆபத்து இருப்பதால் அதற்குத் தனி மருத்துவம் உடனே வேண்டும்.

ஆகவே டிரைகிளிசரைடு கூடியவருக்குச் சோற்றைக் குறைப்பதும், எல்.டி.எல். கூடியவருக்கு மாத்திரையும் முன்னுரிமை பெறுகின்றன. எண்ணெய், பாமாயில் வீடுகளைத் தவிர்த்து, கடைசி இடத்தில்தான் நிற்கிறது. பெரியப்பா மோர்ச்சோற்றை விட்டார், இரவில் இரண்டு கோதுமைத் தோசையோடு நிறுத்திக்கொண்டார், மாலையில் பாமணி ஆற்றங்கரை வரை நடந்தார். மூன்று மாதம் கழித்து டிரைகிளிசரைடு 190க்கு இறங்கியிருந்தது, எல்.டி.எல். 131, ஏறக்குறைய இருந்த இடத்திலேயே. பத்தாண்டாக இரத்த அழுத்தம் இருப்பதையும் சேர்த்துப் பார்த்த மருத்துவர், அன்றைக்கே அடோர்வாஸ்டேட்டின் எழுதினார்.