யூபியூ வழியாகக் கால்நடை மருத்துவப் பட்டம்: படிவம் சுலபம், வரிசையில்தான் வினை

மலேசிய அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பத் தளமான யூபியூவுக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். குறைந்த ஒன்றரையில் ஒன்று தளத்தின் பங்கு. மீதி அரை, நம் வீடுகளில் அதை நிரப்பும் விதத்துக்கு.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புகளான எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷன் முடிக்கும் ஒரு கோலாலம்பூர் மாணவர், அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் டிவிஎம் எனப்படும் ஐந்தாண்டுக் கால்நடை மருத்துவப் பட்டத்துக்கு யூபியூ ஆன்லைனில் விண்ணப்பிப்பது எப்படி இருக்கிறது என்பதே இங்கே பேச்சு. நம்மவர்கள் பெரும்பாலும் பார்ப்பது இரண்டு இடங்கள். ஒன்று செர்டாங்கில் உள்ள யூபிஎம் (புத்ரா மலேசியா பல்கலைக்கழகம்). எழுபதுகளிலிருந்து மிருக டாக்டர்களை உருவாக்கிவரும் பழைய இடம். மற்றது கிளந்தானின் பெங்காலான் செப்பாவில் இருக்கும் யூஎம்கே (மலேசியா கிளந்தான் பல்கலைக்கழகம்). செந்தூலிலிருந்து செர்டாங்குக்கு ரயிலிலேயே போய்விடலாம். யூஎம்கே பக்கம் உள்ள கோத்தா பாருவுக்கு இரவு பஸ், இல்லையென்றால் விமானம். ஐந்து வருடம் அப்படிப் போய்வரத் தயாரா என்ற கேள்வியைப் படிவம் கேட்காது. வீட்டில்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் தளத்தின் நல்ல பக்கம். அடையாள அட்டை எண்ணும் தேர்வு எண்ணும் கையில் இருந்தால் உள்ளே போய்விடலாம். ஒரே படிவத்தில் 12 தெரிவுகள் வரை போடலாம். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியாக நகல் எடுத்து, சான்றொப்பம் வாங்கி அனுப்பும் அலைச்சல் இல்லை. எஸ்டிபிஎம் முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்பம் திறந்துவிடும்; முடிவு வந்த பிறகு தெரிவுகளை மாற்றிக்கொள்ளவும் ஒரு காலக்கெடு கொடுப்பார்கள். இந்த இரண்டாவது வாய்ப்பைப் பலர் தவறவிடுகிறார்கள். பிப்ரவரியில் ஏதோ ஒரு நம்பிக்கையில் போட்ட வரிசையை அப்படியே விட்டுவிட்டு, உண்மையான பிஎன்ஜிகே (4.00-க்கான கிரேடு சராசரி) கைக்கு வந்த பிறகும் தளத்தைத் திறந்து பார்ப்பதில்லை. திருத்த வேண்டிய நேரம் அதுதான்.

மெரிட், அதாவது இடம் கொடுக்கப் பார்க்கும் நூற்றுக்கான புள்ளி. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் வரிசை போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடப்பதற்குச் சமம். கணக்கு எளிமையானது: பிஎன்ஜிகேயை 4-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்க வேண்டும். புறப்பாட நடவடிக்கைக்கு 10. பிஎன்ஜிகே 3.83, புறப்பாடம் 8.5 என்றால் 86.175-உடன் 8.5 சேர்ந்து 94.675 வரும். இப்போது இன்னொன்றைப் பாருங்கள். நான்கு பாடத்திலும் ஏ வாங்கியவருக்கு 4.00, படிப்புக்கு முழு 90. ஒரு பாடத்தில் மட்டும் ஏ மைனஸ் என்றால் 3.92, அது 88.2 ஆகிறது. இழப்பு 1.8. புறப்பாடத்தில் 7 வாங்கியவருக்கும் 9 வாங்கியவருக்கும் இடையே இருப்பது 2. சாரணர் இயக்கம், செயின்ட் ஜான், கழகச் செயலாளர் பதவி இதெல்லாம் படிப்பைக் கெடுக்கும் என்று பிள்ளையை இழுத்துப் பிடிக்கும் பெற்றோர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

எஸ்டிபிஎம்மின் பொதுப் பாடமான பெங்காஜியான் ஆமும் இந்தக் கணக்கில் உயிரியலுக்குச் சமமான எடை கொண்டது. அறிவியல் மாணவர்கள் அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிட்டு, மலாய்க் கட்டுரையில் கோட்டைவிடுவது அடிக்கடி நடக்கிறது. வேதியியலில் ராத்திரி பகலாக உழைத்து வாங்கிய ஏ, பெங்காஜியான் ஆமில் வந்த பி-யால் கரைந்துபோகும்.

தளத்தில் ஒவ்வொரு படிப்புக்கும் சராசரி மெரிட் என்று ஓர் எண் காட்டப்படுகிறது. நல்ல வசதிதான், ஆனால் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே. சராசரி என்பது உள்ளே போனவர்களின் நடுப்பகுதி. வாசற்படி அன்று. அந்த எண்ணுக்கு ஒரு புள்ளி குறைந்தவர் பயந்து டிவிஎம்மை எட்டாவது இடத்துக்கு இறக்குகிறார். இரண்டு புள்ளி கூடியவர் சீட்டு உறுதி என்று நினைத்து நேர்முகத் தேர்வுக்குப் படிக்காமல் போகிறார். இரண்டுமே தப்பு. கீழ் எல்லையையும் பக்கத்திலேயே காட்டியிருந்தால் தொடக்கத்தில் தளத்தின் பங்கு என்று சொன்ன அந்த ஒன்றை நாங்கள் குறைத்திருக்க மாட்டோம்.

தகுதி விதிகளில் பொது, சிறப்பு என்று இரண்டு அடுக்கு உண்டு. பொது விதியில் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம்மில் மலாய் மொழியில் கிரெடிட், 2013 முதல் எழுதியவர்களுக்கு வரலாற்றில் தேர்ச்சி, அதோடு மூவெட் எனப்படும் ஆங்கிலத் தேர்வு. சிறப்பு விதி அந்தந்தப் படிப்புக்கு உரியது. எந்தப் பாடத்தில் என்ன கிரேடு, மூவெட்டில் எந்த பேண்ட் (தரநிலை) என்பதெல்லாம் அங்கேதான். இதை எஸ்டிபிஎம் முடித்த பிறகு படிப்பதில் பிரயோசனம் இல்லை. படிவம் ஆறில் பாடம் எடுக்கும் அன்றே படிக்க வேண்டும். மெட்ரிகுலேஷனில் உயிரியல் இல்லாத தொகுதியை எடுத்தவர், நான்கு பாயிண்ட் வாங்கினாலும் டிவிஎம் பக்கம் வர முடியாது. பட்டியலின் கடைசி வரிகளையும் விடாதீர்கள். உடல்நலம், நிறப்பார்வை பற்றி ஏதாவது விதி இருந்தால் அது அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கும். மூவெட்டைப் பொறுத்தவரை மூன்றாம் செமஸ்டர் வரை இழுக்காமல், முன்பே ஒரு முறை எழுதிப் பார்ப்பது நல்லது. பேண்ட் போதவில்லை என்றால் மறுபடியும் உட்கார நேரம் இருக்கும்.

இனி வரிசை. யூபியூ கடைசியில் தருவது ஒரே ஒரு இடம். பன்னிரண்டு போட்டதால் மூன்று கடிதம் வந்து, அதில் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர் இன்னும் இருக்கிறார்கள். அப்படி இல்லை. கால்நடை மருத்துவம்தான் வேண்டும் என்றால் யூபிஎம், யூஎம்கே இரண்டையும் உச்சியில், பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் எல்லாவற்றையும் மேலே வைத்துவிட்டு, போகிற போக்கில் டிவிஎம்மை ஆறாவதாகச் செருகுவது வீண். நேர்முகத் தேர்வு உள்ள படிப்பைக் கீழே போட்டால், கூப்பிடும் வாய்ப்பும் அதோடு கீழே போகிறது.

பெயரைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. விலங்கு அறிவியல், கால்நடை வளர்ப்பு என்று சில இளங்கலைப் படிப்புகள் அதே பட்டியலில் வருகின்றன. நல்ல படிப்புகள்தான், பண்ணை, தீவனத் தொழிலில் வேலை கிடைக்கும். ஆனால் முடித்தவர் மிருக டாக்டர் ஆக மாட்டார். பல்கலைக்கழகக் குறியீட்டில் யூபிஎம்முக்கு யூ, பி. யூஎம்கேக்கு யூ, எல் என்று தொடங்கும். எழுத்தோடு நிறுத்தாமல், எதிரே எழுதியிருக்கும் பட்டப் பெயரை ஒருமுறை உரக்கப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

நேர்முகத் தேர்வுதான் இந்தச் சேவையின் பலவீனமான கண்ணி. அழைப்பு வந்ததா என்று யூபியூவிலும் பார்க்க வேண்டும், பல்கலைக்கழகத்தின் தளத்திலும் பார்க்க வேண்டும். குறுஞ்செய்தி வரும் என்று காத்திருந்து நாள் தாண்டிப்போனால் யாரும் கேட்கமாட்டார்கள். நேரிலா, இணையத்திலா என்பதைக் கடிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். செர்டாங்குக்கு நேரில் போவதாக இருந்தால் புத்ராஜெயா தடத்தில் யூபிஎம் என்றே ஒரு எம்ஆர்டி நிலையம் இருக்கிறது. அதை நம்பி இறங்கி நடக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். வளாகம் ஒரு சின்ன ஊர். கிராப் வாடகைக் காருக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

என்ன கேட்பார்கள்? "நாய், பூனை என்றால் எனக்கு உயிர்" என்பது பதில் ஆகாது. இந்தப் படிப்பில் மாடு, ஆடு, கோழி, பன்றி எல்லாம் உண்டு. இறைச்சிப் பரிசோதனையும் பொதுச் சுகாதாரமும் பாடத்தின் ஒரு பகுதி. அறுப்புக்கூடத்துக்குப் போக வேண்டிவரும். பசுவைக் கும்பிடும் வீட்டுப் பிள்ளை இதை அங்கே போய்த்தான் முதன்முதலாக யோசிக்கிறது என்றால், தடுமாற்றம் முகத்தில் தெரியும். முன்கூட்டியே வீட்டில் பேசி, ஒரு முடிவோடு போவதுதான் சரி.

உள்ளூர் நோய்கள் பற்றித் தெளிவு வேண்டும். 1998–99 நிப்பா விவகாரம் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். பழந்தின்னி வௌவாலிலிருந்து பன்றிக்கு, பன்றியிலிருந்து மனிதனுக்கு வந்தது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவை விரட்டிக்கொண்டிருந்தார்கள். 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகள் கொல்லப்பட்டன. நோயைத் தப்பாக அடையாளம் கண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் இல்லை. அடுத்தது ரேபிஸ்: 2013-இல் நோய் இல்லாத நாடு என்று அறிவித்தோம், 2015-இல் பினாங்கு, கெடா, பெர்லிஸில் திரும்பி வந்தது, 2017-இல் சரவாக்கைப் பிடித்தது. தெருநாய்களைக் கொல்வதா, தடுப்பூசி போடுவதா என்று கேட்டால், இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டு உங்கள் முடிவைக் காரணத்தோடு சொல்லத் தெரிய வேண்டும். அனுபவம் கேட்பார்கள். அம்பாங் பக்கம் விலங்குக் காப்பகத்தில் சில சனிக்கிழமைகள், பேட்டையில் உள்ள கிளினிக்கில் இரண்டு வாரம், முடிந்தால் ஒரு மாட்டுப் பண்ணை. சான்றிதழைவிட, அங்கே என்ன பார்த்தீர்கள், எதற்காக அப்படிச் செய்தார்கள் என்று ஐந்து நிமிடம் பேச முடிவதுதான் பயன்.

ஏஜெண்டுகள் பற்றி ஒரு வார்த்தை. யூபியூ படிவத்தை நிரப்பித் தர காசு கொடுப்பது தேவையே இல்லாத செலவு. மெரிட்டை யாரும் உயர்த்தித் தர முடியாது, "உள்ளே ஆள் இருக்கு" என்பவரிடம் கதவைச் சாத்திவிடுங்கள். தளத்தின் ரகசியச் சொல்லை அவர்கள் கையில் கொடுப்பது இன்னும் மோசம். தெரிவு வரிசை உங்களுக்குத் தெரியாமல் மாறலாம். வெளிநாட்டுக் கல்லூரிக்கு ஏஜெண்ட் வழியாகப் போவதாக இருந்தால், கட்டணத்தைக் கட்டும் முன் ஒரே ஒரு வேலை: அந்தப் பட்டம் மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு இல்லாமல் இங்கே தொழில் செய்ய முடியாது. 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கல்லூரி மாதிரி பெயர்பெற்ற இடமாக இருந்தாலும் பார்த்துவிட்டே போங்கள். பிரிட்டன் என்றால் அங்கத்திய பொது விண்ணப்பத் தளமான யூகாஸின் கெடு அக்டோபர் 15. கால்நடை மருத்துவத்துக்கு நான்கு தெரிவுதான் போடலாம்.

முடிவு வந்த பிறகு இரண்டு விஷயம். இடம் கிடைத்தால் ஏற்றுக்கொள்ளும் கெடு நாட்கணக்கில்தான் இருக்கும். அப்பா வெளியூரில் என்று தள்ளிப்போட்டால் இடம் போய்விடும். கிடைக்கவில்லை என்றால் மேல்முறையீடு உண்டு, அதுவும் இணையத்தில்தான். ஏன் கிடைக்கவில்லை என்று தளம் விளக்காது. ஆகவே மேல்முறையீட்டில் அழுகையை எழுதாமல் எதை மாற்றிக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள்: புதிய மூவெட் பேண்ட், திருத்திய புறப்பாட மதிப்பெண். விண்ணப்பத்தை அனுப்பிய அன்றே திரையில் வந்த அத்தாட்சிப் பக்கத்தைச் சேமித்து வைத்திருந்தால் இந்தக் கட்டத்தில் கைகொடுக்கும்.