‘கறுப்பில் தோற்காத 12 ஓப்பனிங்’ வகுப்பு: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செஸ் வகுப்பு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கறுப்புக் காயில் தோற்கவே முடியாத 12 ஓப்பனிங் (ஆட்டத்தைத் தொடங்கும் முறை), மூன்றே மாதத்தில் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் அதிகாரபூர்வ எண்), கட்டணம் 6,000 ரூபாய், முழுவதும் முன்பணம். சனிக்கிழமைதோறும் நேரடி வகுப்பு என்றுதான் பேச்சு. நான்காவது வாரத்திலிருந்து பதிவு செய்த வீடியோக்கள் மட்டுமே வந்தன. மழை பிடித்தால் சிக்னல் போய்விடும், அன்றைக்கு அதுவும் கிடையாது. ரசீது கேட்ட பெற்றோர்கள் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

போன பணத்தைவிட, உள்ளே சொல்லிக்கொடுத்த சரக்குதான் அதிகக் கெடுதல். 12 ஓப்பனிங்கில் பெரும்பாலானவை வெறும் டிராப், அதாவது எதிராளி தவறினால் மட்டும் பலிக்கும் வலை. (இங்கே மந்திரி என்றால் பிஷப், யானை என்றால் ரூக். டி4, இ5 என்பவை காய் போய்ச் சேரும் கட்டங்கள்; காயின் பெயர் இல்லாவிட்டால் சிப்பாய். × என்றால் வெட்டுதல். ஒவ்வொரு எண்ணிலும் முதலில் வெள்ளை, அடுத்தது கறுப்பு; எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கறுப்பின் நகர்த்தல்.)

முதல் பாடமே எங்லுண்ட் கேம்பிட். கேம்பிட் என்றால் ஒரு சிப்பாயைப் பலிகொடுத்துத் தொடங்குவது. 1. டி4 இ5 2. டி×இ5 குதிரை சி6 3. குதிரை எஃப்3 ராணி இ7 4. மந்திரி எஃப்4 ராணி பி4 செக் 5. மந்திரி டி2 ராணி×பி2. இந்த இடத்தில் வெள்ளை 6. மந்திரி சி3 என்று தவறினால் 6... மந்திரி பி4 7. ராணி டி2 மந்திரி×சி3 8. ராணி×சி3 ராணி சி1, செக்மேட். வீடியோவில் பார்க்கும் பிள்ளைக்குக் கண் விரியத்தான் செய்யும். ஆனால் வெள்ளை 6. குதிரை சி3 என்று ஆடினால்? அந்த வீடியோவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 6... மந்திரி பி4 7. யானை பி1 ராணி ஏ3 8. யானை பி3 ராணி ஏ5 என்று போகும். எண்ணிப் பாருங்கள்: கறுப்பு ஆடிய எட்டு நகர்த்தலில் ஐந்து ராணிக்கே செலவாகிவிட்டது. ஜி8 குதிரை இன்னும் பிறந்த இடத்தில் நிற்கிறது, ராஜா காஸ்லிங் செய்து (யானையோடு இடம் மாறி) பாதுகாப்பாக ஒதுங்கவில்லை. வெள்ளைக்கோ இரண்டு குதிரை, ஒரு மந்திரி, ஒரு யானை எல்லாம் வெளியே வந்துவிட்டன.

ஸ்டாஃபோர்டு கேம்பிட்டும் இதே கதைதான். 1. இ4 இ5 2. குதிரை எஃப்3 குதிரை எஃப்6 3. குதிரை×இ5 குதிரை சி6 4. குதிரை×சி6 டி×சி6 5. டி3 மந்திரி சி5. வெள்ளை 6. மந்திரி ஜி5 ஆடினால் 6... குதிரை×இ4! 7. மந்திரி×டி8 மந்திரி×எஃப்2 செக் 8. ராஜா இ2 மந்திரி ஜி4, மேட். அதற்குப் பதில் நிதானமாக 6. மந்திரி இ2 ஆடினால் கறுப்பு ஒரு சிப்பாய் குறைவாக உட்கார்ந்திருக்கும். இதன் முறையான வடிவமான பெட்ரோவ் தற்காப்பில் கறுப்பு ஆட வேண்டியது 3... டி6 4. குதிரை எஃப்3 குதிரை×இ4. அவசரப்பட்டு 3... குதிரை×இ4 எடுத்து, 4. ராணி இ2-க்குக் குதிரையை எஃப்6-க்கு இழுத்தால் 5. குதிரை சி6, குதிரை விலகியதும் பின்னால் இருக்கும் ராணியிடமிருந்து செக். கறுப்பு ராணி போயிற்று. பிள்ளைக்கு முதலில் சொல்லித்தர வேண்டிய ஆபத்து இதுதான். அது அந்த நோட்ஸில் இல்லவே இல்லை.

மூன்று நிமிட ஆன்லைன் ஆட்டத்தில் இந்த வலைகளில் ஆள் விழுவார்கள். அதை வைத்துத்தான் விற்கிறார்கள். கோவைக்கு இறங்கி ஆடும் ஏழு சுற்றுப் போட்டியில் மூன்று நான்கு ஆட்டம் கறுப்பில் வரும். அங்கே யோசிக்க நேரம் உண்டு, எதிரே உட்காரும் பிள்ளையும் அதே வீடியோவைப் பார்த்திருக்கும்.

டிராப்பே கூடாது என்று சொல்லவில்லை. எதிராளி விழாவிட்டாலும் கறுப்பின் நிலை கெடக்கூடாது, அவ்வளவுதான். 1. டி4 டி5 2. சி4 இ6 3. குதிரை சி3 குதிரை எஃப்6 4. மந்திரி ஜி5 பி8 குதிரை டி7 5. சி×டி5 இ×டி5. ‘எஃப்6 குதிரை அசைந்தால் ராணி போகும்’ என்று நம்பி வெள்ளை 6. குதிரை×டி5 எடுத்தால் 6... குதிரை×டி5! 7. மந்திரி×டி8 மந்திரி பி4 செக். ராணியைக் குறுக்கே வைப்பதைத் தவிர வெள்ளைக்கு வழியில்லை. முடிவில் கறுப்புக்கு ஒரு காய் லாபம். வெள்ளை விழாமல் 6. இ3 ஆடினாலும் கறுப்புக்கு நட்டம் ஏதுமில்லை, ஆட்டம் சமமாக ஓடும்.

ஆரம்ப நிலைப் பிள்ளைக்கு 12 தேவையே இல்லை. வெள்ளை இ4 என்று தொடங்கினால் ஒன்று, டி4 என்று தொடங்கினால் ஒன்று போதும். இ4-க்குக் காரோ-கான் நல்ல தேர்வு: 1... சி6 2. டி4 டி5. 3. இ5 வந்தால் மந்திரியை முதலில் எஃப்5-க்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு இ6. 3. குதிரை சி3 வந்தால் டி×இ4 4. குதிரை×இ4 மந்திரி எஃப்5 5. குதிரை ஜி3 மந்திரி ஜி6 6. எச்4 எச்6, மந்திரி ஒதுங்க எச்7 வேண்டும். நான்காவதில் 4... குதிரை டி7 ஆடுகிறவர்கள் 5. ராணி இ2-ஐப் பார்த்ததும் நிற்க வேண்டும். ஜி8 குதிரையை எஃப்6-க்கு வைத்தால் 6. குதிரை டி6, மேட்! இ7 சிப்பாய் ராணியின் பார்வையில் கட்டுண்டு கிடப்பதால் குதிரையை எடுக்க முடியாது. டி4-க்கு மேலே சொன்ன டி5, இ6 முறை. லண்டன் அமைப்பு, அதாவது 2. மந்திரி எஃப்4, அடிக்கடி வரும். அதற்கு சி5, குதிரை சி6, பிறகு ராணி பி6. மந்திரி சி1-ஐ விட்டு வந்ததால் பி2-க்குக் காவல் குறைவு.

உறுதியான தற்காப்பு ஆடினால் ஜெயிக்க முடியாது என்பதும் அந்த விளம்பரத்தின் பேச்சு. 2024-இல் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டத்தில் அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரென் கறுப்பில் ஃபிரெஞ்சு டிஃபென்ஸ் (1. இ4 இ6) என்ற உறுதியான தற்காப்பை ஆடித்தான் குகேஷை வென்றார்.

ரேட்டிங் உத்தரவாதமும் பொய். ஃபிடே (சர்வதேச செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் போட்டிகளில், ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களுடன் குறைந்தது 5 ஆட்டம் ஆட வேண்டும். 2024 மார்ச் முதல் 1400-க்குக் கீழே ரேட்டிங் வெளியிடுவதும் இல்லை. வகுப்பு நடத்துகிறவர் யாருக்கும் அதை வாங்கித்தர முடியாது.

சேர்வதற்கு முன், பயிற்சியாளரின் ஃபிடே எண்ணைக் கேட்டு வாங்கி, ஃபிடே தளத்தில் பயிற்சியாளர் பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மாதிரி வகுப்பு கேளுங்கள். அதில் எங்லுண்ட் கேம்பிட் வந்தால், ‘6. குதிரை சி3-க்குக் கறுப்பு என்ன செய்யும்?’ என்று கேளுங்கள். பதிலை லீசெஸ் (lichess) தளத்தில் இலவசமாக உள்ள ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் கணினி நிரலில் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கட்டணம் மாதாமாதம், ரசீதுடன் மட்டும்.

ஏற்கெனவே கட்டியவர்கள் விளம்பரப் படம், பணம் அனுப்பிய விவரம், குழு உரையாடல் மூன்றையும் அழிக்காமல் சேமித்துவைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள்.