வீட்டுக்கு எந்த டிரெட்மில்? வேகத்தை விட்டுவிட்டு ஏற்றத்தைப் பாருங்கள்

டிரெட்மில் விளம்பரங்களில் இரண்டு எண்களைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள்: மோட்டார் எத்தனை எச்.பி., அதிகபட்ச வேகம் மணிக்கு எத்தனை கி.மீ. வாங்க வருகிறவரும் அந்த இரண்டையும் வைத்தே நான்கைந்து மாதிரிகளை எடைபோடுகிறார். மணிக்கு 16 கி.மீ. என்றால் ஒரு கிலோமீட்டரை 3 நிமிடம் 45 விநாடியில் ஓடி முடிக்க வேண்டும். முறையாகப் பயிற்சி செய்யும் ஓட்டக்காரர்களுக்கே அது கடுமையான வேகம். வீட்டில் டிரெட்மில் போடுகிறவர்களோ பெரும்பாலும் வேகமாக நடப்பார்கள், சில நாள் மெதுவாக ஓடுவார்கள். அவர்களுக்கு அந்த எண்ணால் பயன் ஏதுமில்லை. பெல்ட்டின் நீளம், சாய்வை உயர்த்தும் வசதி, மோட்டார் தொடர்ந்து தரும் சக்தி, கைப்பிடி ஆகியவைதான் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கருவியில் யாராவது நடப்பார்களா என்பதைத் தீர்மானிக்கின்றன. கடைக்காரர் இவற்றைப் பற்றி நீங்கள் கேட்டால்தான் சொல்வார்.

களத்தில் இருப்பவை மூன்று வகைகள். முதலாவது வாக்கிங் பேட் எனப்படும் தட்டையான நடைக் கருவி. இரண்டாவது, மடித்து நிறுத்தக்கூடிய வழக்கமான வீட்டு டிரெட்மில். மூன்றாவது, மடிக்க முடியாத, கனமான ஓட்டக் கருவி.

வாக்கிங் பேட்

இதன் பலம் அளவுதான். எடை பெரும்பாலும் 20 முதல் 30 கிலோவுக்குள் இருக்கும். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம், சுவரோரம் சாய்த்து வைக்கலாம். உயர மேசைக்கு முன்னால் போட்டு மணிக்கு 2 அல்லது 3 கி.மீ. வேகத்தில் நடந்தபடியே தொலைபேசியில் பேசலாம், வாசிக்கலாம். நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் வேலை செய்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. அந்த ஒரு தேவைக்காக மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் மற்ற இரண்டையும் பார்க்கவே வேண்டாம்.

உடற்பயிற்சிக்கு என்று வரும்போதுதான் குறைகள் தெரிகின்றன. பெரும்பாலானவற்றின் உச்ச வேகம் மணிக்கு 6 கி.மீ., அதாவது நிமிடத்துக்கு 100 மீட்டர். தொடக்கத்தில் இது போதும். சில மாதங்களில் உடல் பழகிவிட்ட பிறகு அதே வேகத்தில் மூச்சு வாங்காது. அப்போது வேகத்தையும் கூட்ட முடியாது, சாய்வையும் உயர்த்த முடியாது. எஞ்சியிருப்பது நேரத்தை நீட்டிப்பது மட்டுமே. பெல்ட்டும் குறுகலானது. 40 செ.மீ. அகலப் பெல்ட்டில் கால் சற்றே விலகினால் ஓரச் சட்டத்தில் பட்டுவிடும்.

கைப்பிடி இல்லாத வாக்கிங் பேடை முதியவர்கள் பயன்படுத்தவே கூடாது. தலைசுற்றல், கால் மரத்துப்போதல், மூட்டுவலி உள்ளவர்களும் அப்படித்தான். இதில் நான் எந்த விலக்கும் தரமாட்டேன். நகரும் தரையில் தடுமாறும்போது கை எதையாவது தேடும். பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லையென்றால் பெல்ட் அவரைப் பின்னால் இழுத்துத் தள்ளிவிடும். அம்மா அப்பாவுக்காக வாங்குகிறவர்கள் சிறியது, எளிதானது என்று எண்ணி இதைத் தேர்ந்தெடுப்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அவர்களுக்குத் தேவை முன்புறமும் இரு பக்கங்களிலும் நீளக் கைப்பிடி உள்ள, மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கும் கருவி.

மடிக்கும் டிரெட்மில்லும் அதன் ஏற்றமும்

இந்த வகைக்குள்ளேயே பெரிய வேறுபாடு இருக்கிறது. சிலவற்றில் சாய்வு கையால் மாற்றுவது: பெல்ட்டை நிறுத்திவிட்டு, இறங்கி, கருவியைத் தூக்கி, காலடித் தாங்கியை வேறு நிலையில் பொருத்த வேண்டும். இரண்டு அல்லது மூன்று நிலைகள்தான் இருக்கும். வாங்கிய முதல் வாரம் மாற்றிப் பார்ப்பார்கள், பிறகு அது ஒரே நிலையில் நின்றுவிடும். வேறு சிலவற்றில் தனி மோட்டார் ஒன்று சாய்வை உயர்த்தும். நடந்துகொண்டிருக்கும்போதே பொத்தானை அழுத்தினால் 10, 12, சிலவற்றில் 15 சதவீதம் வரை போகும் (10 சதவீதம் என்றால் 100 மீட்டருக்கு 10 மீட்டர் ஏற்றம்).

இந்த ஒரு வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். காரணத்தைக் கணக்காகவே காட்ட முடியும். நடக்கும்போதும் ஓடும்போதும் உடல் எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறது என்பதை மதிப்பிட உடற்பயிற்சி அறிவியலில் வழக்கமான சூத்திரங்கள் உண்டு. அவற்றின்படி, சமதளத்தில் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடப்பவர் உடல் எடையில் கிலோவுக்கு, நிமிடத்துக்குச் சுமார் 12 மில்லிலிட்டர் ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறார். அதே வேகத்தில் சாய்வை 10 சதவீதத்துக்கு உயர்த்தினால் அது ஏறத்தாழ 27 மில்லிலிட்டராகிவிடும். சமதளத்தில் மணிக்கு 7 கி.மீ. வேகத்தில் ஓடுவதற்கும் அதே அளவுதான் தேவை. இதயமும் நுரையீரலும் ஓட்டத்துக்குரிய வேலையைச் செய்கின்றன, கால்களோ நடக்கின்றன. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நடையில் அது உடல் எடையைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் உடல் கனத்தவர்களுக்கும் இந்த வேறுபாடு மிகப் பெரிது.

மருத்துவர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள். இதயத்தின் தாங்கும் திறனைச் சோதிக்க இன்றும் பயன்படும் புரூஸ் முறை 1963இல் வெளியானது. அதை வகுத்தவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ். அந்தச் சோதனை மணிக்கு 2.7 கி.மீ. என்ற மெதுவான வேகத்தில், ஆனால் 10 சதவீதச் சாய்வில் தொடங்குகிறது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டும் கூடுகின்றன. மூன்றாம் கட்டத்தில்கூட வேகம் மணிக்கு 5.5 கி.மீ.தான், சாய்வோ 14 சதவீதம். ஒரு மனிதரின் இதயத்தை அதன் எல்லைவரை கொண்டுபோக அவரை ஓட வைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஏற்றத்தில் நடக்கும்போது முன்கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. உடல் எடையில் ஒரு பங்கைக் கை தாங்கிக்கொள்கிறது, திரையோ முழு உழைப்புக்கான கலோரியைக் காட்டிக்கொண்டிருக்கிறது. கையை விட்டு நடக்க முடியாத சாய்வு உங்களுக்கு இன்னும் அதிகம் என்று எடுத்துக்கொண்டு குறைத்துவிடுங்கள். தொடக்கத்தில் 3 சதவீதமே போதும். கெண்டைக்கால் தசைக்குப் பழக நேரம் வேண்டும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏற்றத்தைத் தொட வேண்டாம்.

கூரையின் உயரத்தையும் இப்போதே அளந்துவிடுங்கள். பெல்ட் பலகை தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள தளத்தை 15 சதவீதம் சாய்த்தால் முன்முனை இன்னும் 22 செ.மீ. உயரும். உங்கள் உயரத்தையும் ஓடும்போது எழும்பும் அளவையும் அதோடு கூட்டிப் பாருங்கள். தலைக்கு மேல் மின்விசிறி இருக்கும் இடத்தில் டிரெட்மில்லுக்கு வேலையே இல்லை.

மடிக்காத கனமான கருவி

வாரத்தில் பல நாள், அரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவருக்கு இதுதான் கருவி. எடை 100 கிலோவைத் தாண்டும். பெல்ட் 150 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அல்லது அதற்கு மேல் அகலமும் இருக்கும். ஓடும்போது ஆடாது. ஓட்டத்தில் கால் எட்டிப் போடும் தூரம் கூடுவதால் நீளம் மிக முக்கியம். நடைக்கு 120 செ.மீ. போதும், மெதுவோட்டத்துக்கு 130க்கு மேல் வேண்டும், முழு ஓட்டத்துக்கு 140க்குக் குறைவானதை ஏற்காதீர்கள். உயரமானவர்கள் 150 செ.மீ. பாருங்கள். நீளம் குறைந்த பெல்ட்டில் ஓடுகிறவர் தன்னை அறியாமலே அடியைச் சுருக்கிக்கொள்வார், உடல் முன்பக்கம் ஒட்டியே இருக்கும்.

வெளியில் ஓடும் அனுபவத்துக்கு நிகராக்கச் சாய்வை 1 சதவீதத்தில் வைக்கச் சொல்வார்கள். அது 1996இல் ஜோன்ஸ், டவுஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. உள்ளே ஓடும்போது காற்றின் எதிர்ப்பு இல்லாததை அந்த 1 சதவீதம் ஈடுசெய்கிறது. அவர்கள் சோதித்தது மணிக்கு 10 கி.மீ.க்கு மேற்பட்ட ஓட்டத்தை. நடக்கிறவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

மடிக்காத கருவி ஓர் அறையின் மூலையை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும். மேல்மாடியில் குடியிருப்பவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். மோட்டாரின் இரைச்சல் உங்கள் வீட்டோடு நின்றுவிடும். கீழ்வீட்டாரைத் துன்புறுத்துவது காலடியின் அதிர்வு. தடித்த ரப்பர் விரிப்பு அதைக் கொஞ்சம் குறைக்கும், போக்கிவிடாது. கீழே ஆள் குடியிருந்தால் ஏற்றத்தில் நடப்பதே நல்லது. இதனாலும் நான் இரண்டாம் வகையின் பக்கமே சாய்கிறேன்.

எச்.பி. என்ற எண்ணுக்குப் பின்னால்

வீட்டுக் கருவிகளில் பெரும்பாலும் டி.சி. (நேர்மின்னோட்ட) மோட்டார். உடற்பயிற்சிக் கூடங்களில் நாள் முழுவதும் ஓடுவதற்கு ஏ.சி. (மாறுமின்னோட்ட) மோட்டார். வீட்டுக்கு டி.சி. போதும். கேட்க வேண்டிய கேள்வி, எழுதியிருக்கும் எச்.பி. உச்ச அளவா, தொடர் அளவா என்பதே. உச்ச அளவு என்பது சில கணங்கள் மட்டும் எட்டும் சக்தி. தொடர்ந்து தரக்கூடியது அதைவிட மிகவும் குறைவாக இருக்கலாம்.

இதைச் சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. ஒரு எச்.பி. என்பது 746 வாட். 4 எச்.பி. தொடர்ந்து தர வேண்டுமானால் 230 வோல்ட் இணைப்பில் குறைந்தது 13 ஆம்பியர் இழுக்க வேண்டும். கருவியில் ஒட்டியிருக்கும் விவரப் பட்டையைப் பாருங்கள். அதில் 6 ஆம்பியர் என்று இருந்தால் கருவி எடுக்கக்கூடிய மொத்த மின்சாரமே 1,380 வாட்தான். எந்த இழப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 1.85 எச்.பி.யைத் தாண்டாது. பெட்டியின் மேல் எவ்வளவு பெரிய எண் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. நடைக்கு 1.5 முதல் 2 எச்.பி. தொடர் சக்தி, மெதுவோட்டத்துக்கு 2 முதல் 2.5, அன்றாட ஓட்டத்துக்கு 3 என்று வைத்துக்கொள்ளலாம்.

கனமானவர் மெதுவாக நடப்பது மோட்டாருக்கு எளிது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அப்போதுதான் அது அதிகம் சிரமப்படுகிறது. ஒவ்வோர் அடியும் பெல்ட்டைப் பலகையோடு அழுத்துகிறது, உராய்வு கூடுகிறது. மோட்டாரின் அச்சிலேயே பொருத்தியிருக்கும் விசிறியோ மெதுவாகச் சுற்றுவதால் சூடு வெளியேறுவதில்லை. ஆகவே வீட்டிலேயே எடை கூடியவரை மனத்தில் வைத்து, கருவி தாங்கும் எடை அவருடையதைவிட 20 கிலோவாவது அதிகமாக இருக்கும்படி தேர்ந்தெடுங்கள்.

பெல்ட்டுக்கும் பலகைக்கும் இடையே சிலிக்கோன் எண்ணெய் காய்ந்துபோனாலும் இதே கதைதான். உராய்வு கூடும், மோட்டார் அதிக மின்னோட்டம் இழுக்கும், கடைசியில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகை எரிந்துபோகும். மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, பெல்ட்டின் நடுப்பகுதிக்கு அடியில் விரல் விட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பே இல்லையென்றால் எண்ணெய் விட வேண்டிய நேரம். வண்டிகளுக்கு அடிக்கும் பெட்ரோலிய எண்ணெய்த் தெளிப்பான்கள் வேண்டாம், பெல்ட் கெட்டுவிடும். நீட்டிப்புக் கம்பியில் செருகாமல், நில இணைப்புள்ள தனிச் சாக்கெட்டில் இணையுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீடு

2021 மே மாதத்தில் பெலோட்டன் என்ற உடற்பயிற்சிக் கருவி நிறுவனம் தன் டிரெட் பிளஸ் டிரெட்மில்களை அமெரிக்காவில் திரும்பப் பெற்றது. கருவியின் பின்முனைக்கு அடியில் இழுக்கப்பட்டு ஒரு குழந்தை இறந்துபோயிருந்தது, பலர் காயமடைந்திருந்தார்கள். விலை உயர்ந்த கருவி என்பதால் ஆபத்து குறைந்துவிடவில்லை. நடந்து முடிந்ததும் பாதுகாப்புச் சாவியை (கழற்றினால் பெல்ட் நின்றுவிடும் சாவி) எடுத்து, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நடக்கும்போது அதன் கயிற்றுக் கொக்கி உங்கள் உடையில் இருக்கட்டும். கருவிக்குப் பின்னால் இரண்டு மீட்டரும் பக்கங்களில் அரை மீட்டரும் வெறுமையாக இருக்க வேண்டும். பின்முனையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால், விழுகிறவர் சுவருக்கும் ஓடும் பெல்ட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்வார். சாவியே இல்லாத, ரிமோட்டால் மட்டும் இயங்கும் மாதிரிகளைச் சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய ஜிம் கருவி வாங்கலாமா?

பழுது பார்ப்பவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், கீழ்த்தள வீடாக இருந்தால் யோசிக்கலாம். அவை உறுதியானவை, பெல்ட் பெரியது. ஆனால் 150 கிலோவுக்கு மேல் எடை, கனமான மின்இணைப்பு, தேய்ந்த பெல்ட், தேய்ந்த பலகை எல்லாம் சேர்ந்தே வரும். நடைக்காக வாங்குகிறவருக்கு இது தேவையற்ற சுமை.

கடையில் செய்ய வேண்டியது

நடக்கும் காலணியோடு போங்கள், வீட்டிலேயே எடை கூடியவரை அழைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 2 கி.மீ. வேகத்தில் அவர் அழுத்தி அடி வைத்து நடக்கட்டும். காலடியில் பெல்ட் ஒரு கணம் தயங்கி நகர்ந்தால் மோட்டார் பலவீனமானது அல்லது பெல்ட் தளர்ந்திருக்கிறது. பிறகு சாய்வை உச்சம் வரை ஏற்றி, அதிலேயே இரண்டு நிமிடம் நடந்து, இறக்கிப் பாருங்கள். கைப்பிடியை லேசாக அசைத்துப் பாருங்கள். மடிக்கும் கருவியென்றால் நீங்களே மடித்து, நீங்களே விரியுங்கள், விற்பனையாளரைச் செய்ய விடாதீர்கள். திரையின் அளவு, பாட்டு கேட்கும் வசதி, கருவியிலேயே பதிந்து வரும் பயிற்சித் திட்டங்கள் ஆகியவற்றுக்கு எந்த மதிப்பும் போட வேண்டாம்.

கடைசியாக, பெல்ட், கட்டுப்பாட்டுப் பலகை, பாதுகாப்புச் சாவி மூன்றும் தனித்தனியாகக் கிடைக்குமா, உத்தரவாதம் மோட்டாருக்கு மட்டுமா, கட்டுப்பாட்டுப் பலகைக்கும் உண்டா, பழுது பார்க்க ஆள் வீட்டுக்கு வருவாரா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அடுத்த மாதிரிக்குப் போய்விடுங்கள்.