இருவர் பயணத்துக்கு ஏற்ற நீலகிரி விரைவு வண்டி

சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு ஒன்பது மணியளவில் புறப்பட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்குச் சற்றுப் பின் மேட்டுப்பாளையம் சேரும் நீலகிரி விரைவு வண்டியை, துணையுடன் உதகைக்குச் செல்ல விரும்பும் எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் எந்த வகுப்பில் எந்தப் படுக்கைகளை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே இருவராகச் செல்லும் இந்தப் பயணம் இனிக்கும். இதில் என் முடிவு, பலரும் சொல்லும் யோசனைக்கு மாறானது.

பலர் சொல்வது முதல் வகுப்பு ஏசி. அதில் நால்வர் அறைகளுடன், இருவர் மட்டும் தங்கும் ‘கூப்பே’ அறையும் உண்டு. தாழ்ப்பாளிட்டுக்கொள்ளும் அந்தத் தனியறை கிடைத்தால் அதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை என்பது உண்மைதான். ஆயினும் முன்பதிவு செய்யும்போது கூப்பேதான் வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வழியில்லை; புறப்படுவதற்கு முன் பயணிகள் பட்டியலான சார்ட்டைத் தயாரிக்கும்போதுதான் எந்த அறை என்பது முடிவாகிறது. நால்வர் அறை ஒதுக்கப்பட்டுவிட்டால், கூடுதல் கட்டணம் கொடுத்தும், அறிமுகமில்லாத இருவருக்கு எதிரே, கதவு சாத்திய அமைதியில் அமர நேரும். அங்கே தாழ்ந்த குரலில் பேசினாலும் எல்லார் காதிலும் விழும் என்பதால், பேச்சு தானாகவே அடங்கிவிடுகிறது.

எனவே நான் பரிந்துரைப்பது இரண்டடுக்கு ஏசியின் பக்கவாட்டுப் படுக்கைகளை. 5-6, 11-12, 17-18 என்று இணை இணையாக வரும் இவற்றில், கீழ்ப் படுக்கையை மடக்கினால் எதிரெதிரே இரண்டு இருக்கைகளாகிவிடும்; நடுவிலுள்ள ஜன்னல் இருவருக்கும் பொது. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை கீழ்ப் படுக்கையில் உறங்குவது அதற்குரிய பயணியின் உரிமை என்பது ரயில்வே விதி. மேல் படுக்கைக்காரர் அதற்குப் பிறகு அங்கே உட்கார்ந்திருக்க முடியாது. இரண்டுமே நம்முடையவையானால் எழுந்திருக்கச் சொல்ல ஆளில்லை. திரையை இழுத்துவிட்டால் நமக்கென்று ஒரு சிறு மூலை கிடைக்கிறது; வண்டியின் ஓசையும் நடைபாதையின் சலசலப்பும் நம் பேச்சை மற்றவர் காதுக்குப் போகாமல் காக்கின்றன.

குறைகளும் உண்டு. பக்கவாட்டுப் படுக்கை நீளத்தில் சற்றுக் குறைவு என்பதால், ஆறடி உயரமுள்ளவர் காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். கழிவறைக்குச் செல்வோர் திரையை உரசிக்கொண்டே போவார்கள். மெல்லுறக்கக்காரர்களுக்கு இது தொல்லைதான். விண்ணப்பத்தில் பக்கவாட்டுக் கீழ், பக்கவாட்டு மேல் என்று விருப்பம் குறிப்பிடலாமே தவிர, அதற்கும் உறுதி இல்லை. முன்பதிவு தொடங்கியவுடன் எடுப்பவர்களுக்கே வாய்ப்பு அதிகம். முன்பு 120 நாள்களாக இருந்த முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 60 நாள்களாகக் குறைந்திருக்கிறது.

என் கணவருக்கும் எனக்கும் வேலை நேரம் ஒத்துவராது. வீட்டில் ஒருவர் உண்ணும்போது மற்றவர் உறங்கிக்கொண்டிருப்பார். இந்த வண்டியில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து இருவரும் ஒரே நேரத்தில் உண்டதும், காட்பாடி கடந்த பிறகும் ஜன்னலோரம் பேசிக்கொண்டிருந்ததும் எந்த விடுதியறையும் எங்களுக்குத் தராதவை. உணவைக் கையில் எடுத்துச் செல்வதே நல்லது. மேட்டுப்பாளையம் கடைசி நிலையம் என்பதால், இறங்குமிடம் தவறிவிடுமோ என்ற அச்சமின்றி இருவருமே நிம்மதியாக உறங்கலாம். அதிகாலையில் கோயம்புத்தூரில் பெரும்பாலோர் இறங்கிவிட, எஞ்சிய தொலைவுக்குப் பெட்டி ஏறத்தாழ நமக்கே உரியதாகிவிடுகிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குக் காலை 7.10 மணிக்குப் புறப்படும் மலை ரயிலுக்கும் சேர்த்துத் திட்டமிடுவதே முறை. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் திறக்கப்பட்ட இந்த 46 கிலோமீட்டர் பாதை, 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள, பற்கள் கொண்ட இரும்புச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு, நீராவி இன்ஜின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. இன்ஜின் முன்னால் இல்லாததால் முதல் பெட்டியில் இடம் கிடைத்தால் பாதையே கண்முன் விரியும். இடங்கள் குறைவு, பெரிய பயணப் பெட்டிகளை வைக்கவும் வசதி போதாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிவால் இந்தச் சேவை அடிக்கடி நிறுத்தப்படுவதால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மலை ரயிலை நம்பிப் பயணம் வகுக்க வேண்டாம்.

திரும்பும்போது, உதகையில் பிற்பகல் இரண்டு மணிக்குக் கிளம்பும் மலை ரயில் மாலை ஐந்தரை மணி அளவில் மேட்டுப்பாளையத்துக்கு வந்துவிடும். சென்னை வண்டி ஒன்பது மணிக்கு மேல்தான் என்பதால், ஊருக்குள் சென்று அவசரமின்றி இரவு உணவை முடித்துக்கொண்டு நிலையத்துக்கு வரலாம்.