மணிக்கட்டு சொல்லும் தீர்ப்பு: ஓர் இரும்பு உண்டிவில்லோடு மூன்று ஆண்டுகள்

காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்தில் சோளம் பால் பிடிக்கும்போது கிளிகளும், நிலக்கடலை விதைத்ததும் மயில்களும் இறங்கும். மயிலை அடிப்பது 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடிக்க எனக்கு மனமும் ஒப்பாது. ஆகையால் கிளுவை வேலியோரம் தொங்கும் பழைய தகரத்தைக் காய்ந்த களிமண் உருண்டையால் அடித்து, அந்த ஓசையிலேயே அவற்றை எழுப்பி விடுகிறேன். அதற்கென்று வாங்கியதுதான் முன்கைத் தாங்கி வைத்த இந்த இரும்பு உண்டிவில். சென்ற வாரம் அதற்கு ரப்பர் மாற்றிக்கொண்டிருந்தபோது பல்லடத்து மாப்பிள்ளை, "ஏனுங் மாமா, நானும் இதையே வாங்கிப்போடட்டுங்களா?" என்று கேட்டார்.

முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளில் இரும்புச் சட்டகம் வளையவில்லை, பிடி தளரவில்லை. ஆனால் வாங்கும்போது இருந்த குழாய் ரப்பர் என்னை ஏமாற்றியது. இழுக்கக் கடினமாக இருந்ததால் வேகமும் மிகுதி என்று நம்பினேன். இழுவையின் பெரும்பங்கு அந்தத் தடித்த ரப்பர் தன்னையே முன்னால் தள்ளிக்கொள்வதில் செலவாகிவிடுகிறது என்பது பிறகுதான் விளங்கியது. தட்டையான லேடெக்ஸ் நாடாவைக் கவட்டைப் பக்கம் 25 மில்லிமீட்டர், உருண்டையை வைத்து இழுக்கும் தோல் பக்கம் 18 மில்லிமீட்டர் அகலமாகச் சரித்து வெட்டிக் கட்டினேன். மிக வேகமாக ஓடுவது தோல் பக்க முனைதான் என்பதால், அங்கே எடை குறையக் குறைய உருண்டைக்கு வேகம் கூடுகிறது. கட்டுக்குக் கட்டு 17 சென்டிமீட்டர் உள்ள நாடாவைச் சுமார் 80 சென்டிமீட்டர் வரை இழுக்கிறேன். முன்பு மந்தமாகத் தட்டிய தகரம் இப்போது கணீரென்று அதிர்கிறது. இழுத்தபடி நெடுநேரம் குறி பார்த்தால் ரப்பரின் விசை தளர்ந்துவிடும். இரண்டு நொடிக்குள் விட்டுவிடுவதே நல்லது. குண்டின் எடையும் நாடாவுக்குப் பொருந்த வேண்டும்: 8 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு 2 கிராம், 16 மில்லிமீட்டர் கோலிக்குண்டு 5 கிராமுக்குச் சற்று மேல். கோலிக்கு வெட்டிய அகல நாடாவில் சிறு குண்டை வைத்தால், மிஞ்சிய விசை நாடாவோடு திரும்பி வந்து விரலில் அறைகிறது.

என்னால் பொறுக்க முடியாதது கவட்டையின் உயரம். இதில் ரப்பர் கட்டும் முனை என் பிடிக்கு மேல் 11 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது; நானே செதுக்கிய கொய்யாக் கவட்டையில் அது 4 சென்டிமீட்டர்தான். ஒரே இழுவை, ஆனால் மணிக்கட்டைப் பின்னோக்கித் திருப்பும் விசை ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்தத் திருகலைத் தாங்கத்தான் முன்கைத் தாங்கி என்கிறார்கள். முனையைத் தாழ்த்தியிருந்தால் தாங்கியே தேவைப்பட்டிராது. முப்பது முறை எய்வதற்குள் கையில் அதன் தடம் சிவந்து பதிகிறது. கொய்யாவிலோ கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரு கிளைகளின் மேலேயே அணைந்து நிற்பதால், குறி கையோடு ஒட்டியே போகிறது. கிளை பிரியும் இடத்தில் மரத்தின் நார் இரு புறமும் தொடர்ந்து ஓடுவதால் அது எளிதில் பிளப்பதும் இல்லை.

இன்னொன்றையும் மறக்க முடியவில்லை. இரும்புக் கம்பியின் நுனியைத் தயாரித்தவர்கள் ராவாமலேயே விட்டிருந்தார்கள். அந்தப் பிசிறு குழாயை உள்ளிருந்தே அறுத்து, ஒரு நாள் கவட்டைப் பக்கத்தில் அற்ற ரப்பர் என் புருவத்தில் வந்து அடித்தது. தோல் பக்கம் அற்றால் பெரும்பாலும் முன்னால் போகும். கவட்டைப் பக்கம் அற்றால் முகத்துக்குத்தான் வரும். ஐந்து நிமிடம் அரம் பிடித்திருந்தால் தீர்ந்திருக்கும் குறை அது. அன்றிலிருந்து கண்ணாடி அணியாமல் நான் எய்வதில்லை. ஒவ்வொரு நாளும் முதலில் நாடாவின் ஓரத்தை விரலால் இழுத்து, வெண்கீறல் உள்ளதா என்று பார்க்கிறேன். வெயிலில் கிடந்த நாடா விரைவில் கெடும் என்பதால் முகப்பவுடர் தூவி டப்பாவில் மூடி வைக்கிறேன்.

நாடா மாற்றி நுனியை ராவிய பிறகு, தகரத்தில் கேட்கும் ஓசையை வைத்துச் சொன்னால் இரும்பே கொய்யாவைவிட வலுவாக அடிக்கிறது. ஆனாலும் மாப்பிள்ளையிடம் வாங்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். அவருக்கென்று ஒரு கொய்யாக் கவட்டை வெட்டி, பட்டை உரித்துத் தோட்டத்து வீடான சாளையின் திண்ணையில் நிழலில் காயவைத்திருக்கிறேன். ஆடி கழிந்ததும் வந்து எடுத்துக்கொள்ளலாம்.