சர்க்கரைக் கால் எரிச்சலுக்கு நரம்பு டிகம்ப்ரஷன் ஆபரேஷன்: யாருக்குக் கைகொடுக்கும்?

கால் எரிச்சலுக்கு பிரிகாபலின், டுலாக்செடின் என்று மாத்திரை மாற்றிச் சலித்தவர்கள் அடுத்து விசாரிப்பது நரம்பு டிகம்ப்ரஷனை, அதாவது நரம்பை நசுக்கும் குறுகலான வழியைத் திறந்துவிடும் ஆபரேஷனைத்தான். எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சர்க்கரையால் கெட்ட நரம்பை இது சரிசெய்யாது. கெட்ட நரம்பு குறுகலான இடத்தில் நசுங்கியும் இருந்தால், அந்த நசுக்கலை மட்டும் எடுக்கும்.

இதைப் பரப்பியவர் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் லீ டெல்லன். சர்க்கரை ஏறும்போது நரம்புக்குள் சார்பிட்டால் (சர்க்கரையிலிருந்து உண்டாகும் ஒரு பொருள்) சேர்ந்து, நீர் கோத்து, நரம்பு பருக்கிறது. அது நுழைந்து போகும் வழியோ அகலமாவதில்லை என்பது அவர் வாதம். 2006-ல் அமெரிக்க நரம்பியல் அகாடமி, அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, பலன் நிரூபணமாகவில்லை என்றது. டாக்டர்களிடையே இன்றும் கருத்து ஒத்துப்போகவில்லை. "கண்டிப்பாகச் சரியாகிவிடும்" என்று யாராவது உத்தரவாதம் தந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் விரலால் தட்டினால், உள்ளங்காலுக்குக் கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்று ஓட வேண்டும். இதுதான் டினல் சோதனை. தட்டியும் ஒன்றும் தெரியாமல் முழுக்க மரத்துவிட்ட காலைக் கீறுவதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். பாதத்தில் நாடி நன்றாகத் துடிக்க வேண்டும். புண்ணோ வீக்கமோ இருக்கக் கூடாது. மூன்று மாத சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுபவருக்கு பி12 குறைந்தாலும் இதே மதமதப்பு வரும். இடுப்பு டிஸ்க், தொழுநோய் இரண்டையும்கூட விலக்கிவிட்டுத்தான் பேச வேண்டும். சென்னையில் ராயபுரம், கோபாலபுரம் பக்கத்துச் சர்க்கரை மருத்துவமனைகளில் பயோதீசியோமீட்டர் (அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பது), 10 கிராம் மோனோஃபிலமென்ட் (மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பது) சோதனைகள் வழக்கமாகவே செய்கிறார்கள். அந்த ரிப்போர்ட்டோடு, கால் நரம்பு ஆபரேஷனில் கைதேர்ந்த சர்ஜனைப் பாருங்கள்.

பொதுவாகத் திறப்பது மூன்று இடங்கள்: முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம், புறங்கால், உள்கணுக்கால். கடைசி இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். மேலே மூடியிருக்கும் பட்டையை வெட்டினால் மட்டும் போதாது. அதற்குக் கீழே உள்ளங்காலுக்கும் குதிகாலுக்கும் பிரியும் கிளைகளின் சின்ன வழிகளையும் திறக்க வேண்டும். விட்டால் நசுக்கல் அப்படியே இருக்கும். "எந்தெந்த வழிகளைத் திறப்பீர்கள்?" என்று முன்கூட்டியே கேளுங்கள்.

தையல் பிரியும் ஆபத்தும் அதே இடத்தில்தான் அதிகம், ஏனென்றால் கணுக்கால் ஒவ்வொரு அடிக்கும் மடங்குகிறது. அதனால் அங்கே தையலை மூன்று வாரம் வரை விட்டுவைப்பது நல்லது. காலை உயர்த்தி வையுங்கள்; நடப்பது வாக்கர் பிடித்துக் கொஞ்சமாக இருக்கட்டும். முதல் சில வாரம் குத்தலும் சுரீரென்ற வலியும் கூடலாம். அதற்குப் பயப்பட வேண்டாம். காயத்தில் சிவப்போ கசிவோ தெரிந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். எரிச்சல் அடங்கினாலும் உணர்ச்சி முழுதாகத் திரும்பும் என்று எண்ணி எம்.சி.ஆர். செருப்பை (சர்க்கரைக் காலுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) கழற்றிவிடாதீர்கள்.

இரண்டு காலையும் ஒரே நாளில் செய்துகொள்ள வேண்டாம். முதல் காலில் சில மாதத்தில் நிம்மதி தெரியாவிட்டால், அடுத்த காலுக்குச் சம்மதிக்க வேண்டாம்.